பாவ்ஜூவின் முகம் தெரிய

லியாவ் ஷுய்மூ எந்த இயந்திரத்தையும் அடித்துத்தான் வேலை வாங்குவார். வானொலி கரகரத்தால் தலையில் ஒரு தட்டு. சோறு பொங்கும் மின்பானை முணுமுணுத்தால் விலாவில் ஒரு குத்து. குளிர்பதனப் பெட்டிக்கு முழங்கால். அவருடைய டப்பா சோற்றுக் கடையில் இருந்த கிழட்டு மின்விசிறி, அவர் கையை ஓங்கியதுமே பயந்துபோய்த் தானாகச் சுற்றத் தொடங்கும். நம்பாதவர்கள் தைப்பே நகரத்து வான்ஹுவாவில் எங்கள் சந்துக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கணினியை மட்டும் அடிக்க அவர் மனைவி பாவ்ஜூ விடமாட்டாள். அது அவள் ஆசைப்பட்டு வாங்கியது. மருத்துவமனைச் சலவை அறையில் நாளெல்லாம் விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி மடித்துவிட்டு, மாலையில் வந்து அதில் மாஜோங் காய் விளையாட்டு ஆடுவாள். சந்தில் அவளோடு காய் உருட்ட ஆள் கிடையாது. எல்லாரையும் தோற்கடித்துவிட்டு, தோற்றவர் வீட்டுக்கே போய்த் தேநீர் கேட்டுக் குடித்துவிட்டு வருகிறவளோடு யார் ஆடுவார்கள்? கணினி மட்டும்தான் கோபித்துக்கொள்ளாமல் தோற்றது.

ஷுய்மூ யூன்லின் பக்கத்துப் பூண்டு வயல்களில் பிறந்தவர். மீசை முளைக்குமுன் தைப்பேக்கு ஓடிவந்து, பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, கடைசியில் தனக்கென்று ஒரு அடுப்பு வைத்துக்கொண்டவர். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. அறையின் ஒரு சுவரில் முன்னோர் மாடம்: இறந்துபோன அம்மாவின் பெயர்ப்பலகை, அதற்கு முன்னால் ஊதுவத்தி நடும் சாம்பல் கிண்ணம். இணையம் வரும் தொலைபேசி வயர் வந்து முடிவதும் அதே சுவரில்தான். ஆகவே கணினி மாடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தது.

"அம்மா பாத்துக்குவா" என்று ஷுய்மூவுக்குத் திருப்தி.

"உங்க அம்மா இத்தனை வருஷமா என்னைப் பாத்த மாதிரி பாத்தாங்கன்னா, பெட்டி ரெண்டு நாள்ல செத்துரும்" என்றாள் பாவ்ஜூ.

நான் அவர்களுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருந்தேன். இப்படி எல்லாம் கேட்க காதை நீட்ட வேண்டியதே இல்லை. தரை அவ்வளவு மெல்லியது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் சார்ஸ் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. ஒரு மதியம் பாவ்ஜூவின் மருத்துவமனைக் கதவுகளை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும்: நோயாளி, மருத்துவர், செவிலி, பழம் கொடுக்க வந்த உறவுக்காரர், துணி துவைக்கிறவர்கள். அவள் கணவர் என்பதால் ஷுய்மூவும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. கடை மூடிக்கிடந்தது. எதிர் வீட்டிலிருந்து, முகமூடிக்குமேல் இரண்டு கண்கள் மட்டும் தெரிய, "ஜன்னலை மூடுங்க! அந்தக் காத்து இங்க வருது!" என்று கத்தினார்கள். அவர் கையால் வருடக்கணக்கில் மதியச் சோறு தின்றவர்கள்தான். ஷுய்மூ மூடினார். வேண்டிய சாமான்களை நான் பையில் போட்டு அவர் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, இரண்டு படி ஏறி நின்று குரல் கொடுப்பேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாவ்ஜூ தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் போடும் சத்தம் தொலைபேசியைத் தாண்டி என் தரைவரை வரும்.

"யோவ், உள்ள எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் குடுத்துருக்காங்க. கேமரா வெச்சது. வீட்டு ஆளுங்களைப் பாத்துப் பேசிக்கலாமாம். சாயங்காலம் சாப்பாட்டுக்கு அப்புறம் என் முறை. நம்ம பெட்டிக்கும் ஒரு கேமரா வாங்கி மாட்டு."

"நான் எங்க போயி வாங்க? என்னையும் பூட்டிட்டாங்களே."

"மேல டீச்சரைக் கேளு. சும்மாதான இருக்காங்க, பள்ளிக்கூடமும் இல்ல."

கேட்டதை நான் கேட்காததுபோல் இருந்து, அவர் வாயால் ஒருமுறை சொல்லவைத்துவிட்டுத்தான் போனேன். கணினிச் சந்தையில் அன்று கூட்டமே இல்லை. கோழிமுட்டை அளவு கேமரா ஒன்று கிடைத்தது. அதையும் கைப்பிடியில் மாட்டினேன்.

கேமரா வந்தால் போதுமா? அந்தக் கணினி மாஜோங் ஆடுவதற்கே மூச்சு வாங்கும். முதல் மாலை பாவ்ஜூவின் முகம் நான்கு சாம்பல் கட்டங்களாக வந்து, வாய் ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் நின்று, பிறகு அதுவும் போயிற்று. கீழே பளார் என்று ஒரு சத்தம்.

"அடிச்சியா?" தொலைபேசியில் பாவ்ஜூ.

"இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு."

"கை பட்டுடுச்சு."

"அந்தக் கையைச் சூப்புல போட்டு வேகவெச்சுருவேன். நான் சொல்றதை மட்டும் செய். போனை ஒலிபெருக்கியில போடு, ரெண்டு கையும் வேணும் உனக்கு."

அன்றிலிருந்து அவர்கள் இல்லறம் முழுவதும் என் தரைக்குக் கீழே ஒலிபரப்பாயிற்று. ஒரு வீட்டுக் கணினியிடமிருந்து கூடுதலாக வேலை வாங்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் அவள் அடைபட்ட கட்டடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். நானும் மேலே உட்கார்ந்து என் கணினியில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டேன். இன்றுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி வந்ததுதான்.

"பெட்டி கிளம்பும்போதே கூடவே கிளம்புது பாரு ஒரு கூட்டம், கீழ வலது மூலையில வரிசையா நிக்குதே, அதுல பாதியை வேணாம்னு சொல்லு."

"அதெல்லாம் என்னது?"

"எனக்கும் தெரியாது. உன் கடையில மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எல்லா அடுப்பையும் பத்தவெச்சுட்டு ஒண்ணுத்துல மட்டும் சமைப்பியா? அதுபோலத்தான். அப்புறம் குப்பைத்தொட்டியைக் காலி பண்ணு."

"காலி பண்ணிட்டேனே. நேத்தே டீச்சர் கீழ கொண்டுபோயிட்டாங்க."

"கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியா! தெருவுல வண்டி பாட்டுப் போட்டுகிட்டு வரும், நீ பையைத் தூக்கிட்டு ஓடுவ. இதுக்குள்ள எந்த வண்டியும் வராது. நாமதான் கொட்டணும்."

திரையின் பின்னணியில் இருந்த கடற்கரைப் படத்தை எடுக்கச் சொன்னாள். வெறும் நீலம் போதும் என்றாள். சிதறிக்கிடக்கும் கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டு, முடியும்வரை தொடாதே என்றாள். அது ஒரு பகலும் ஒரு இரவும் ஓடியது. ஷுய்மூ காவல் நாய்போலப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தார். பிறகு இடம் போதவில்லை என்று தெரிந்தது.

"மாஜோங்கை எடுத்துரு" என்றாள்.

கீழே நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"யோவ், கேக்குதா?"

"அது உன்னோடது. நீ வந்து எடு."

"நான் வர்றதுக்கு நாளாகும்."

"அப்ப இருக்கட்டும்."

"ஷுய்மூ, அதுல நான் எல்லாத்தையும் ஜெயிச்சாச்சு. எடு."

எடுத்தார். அதன் பிறகு படம் கொஞ்சம் தெளிந்தது. கட்டங்கள் சேர்ந்து முகமாயின. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது, பத்து நிமிடத்தில் கணினி தானாக அணைந்துவிடும். மறுபடி கிளப்பினால் ஐந்து நிமிடம். தொட்டால் அடுப்புபோலச் சுடுகிறது என்றார் ஷுய்மூ.

"திருகைக் கழட்டித் திற. உள்ளே ஒரு சின்ன ஃபேன் இருக்கும். தூசியைத் தட்டு. மெதுவா, தூரிகையால."

அவரிடம் இருந்த தூரிகை, பொரித்த இறைச்சிமேல் சோயாக் குழம்பு தடவுவது ஒன்றுதான். அதைக் கழுவித் துடைத்துத்தான் தட்டினார். ஆனாலும் ஒரு வாரம் அந்தக் கணினி ஓடும்போதெல்லாம் பொரித்த பன்றி இறைச்சி மணம் மாடிப்படி முழுக்க வந்தது. சந்துப் பூனைகள் ஒன்பதும் வரிசையாக வந்து அவர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தன. அந்த நாட்களில் அவரைப் பார்க்க வந்தவர்கள் அவை மட்டுமே.

"உள்ள என்ன தூசி இருந்துச்சு?" பாவ்ஜூ கேட்டாள். "கருப்பா, பஞ்சுபோலவா?"

"இல்ல. வெள்ளையா, மாவுபோல."

"ஊதுவத்தி எத்தனை பத்தவைக்கற?"

"எப்பவும்போல..."

"எத்தனை?"

"காலையில ஒரு கட்டு. மத்தியானம் ஒரு கட்டு. சாயங்காலம்... நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு கட்டு."

மூன்று குச்சி வைக்கிற இடத்தில் மூன்று கட்டு. ஜன்னலும் மூடிய ஒற்றை அறை. என் வீட்டுத் தரை இடுக்கு வழியாகவே புகை வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கொசுவத்தி என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சாம்பலும் மாடத்திலிருந்து இறங்கி, கீழே வாயைத் திறந்துகொண்டிருந்த கணினிக்குள் போயிருக்கிறது. அவளுக்காக அவர் எவ்வளவு அதிகமாக வேண்டினாரோ அவ்வளவு சீக்கிரம் அவள் முகம் அணைந்தது.

"நீ வேண்டறதெல்லாம் சாமிக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டிக்குப் போய்ச் சேருதுயா" என்று சிரித்தாள் பாவ்ஜூ. பிறகு, "நிறுத்திரு" என்றாள்.

"பெட்டியையா?"

"ஊதுவத்தியை."

"பைத்தியமா உனக்கு? சின்ன வயசுல இருந்து ஒருநாள்கூட விட்டதில்ல. இப்ப, நீ அங்க இருக்கறப்ப, இப்பவா நிறுத்துவாங்க?"

"மாடத்தை நகத்து, அப்ப."

"நல்ல நாள் பாக்காம கிண்ணத்தை அசைக்கக்கூடாது. தெரியாத மாதிரி பேசாத."

"ஜன்னலைத் திற."

"கல்லெறிவாங்க."

"அப்ப நீயே சொல்லு. எனக்கு வேண்டிக்கிறியா, என்னைப் பாக்கறியா? ரெண்டும் இந்த அறையில நடக்காது."

"அம்மா கோவிச்சுக்குவா, பாவ்ஜூ."

"உயிரோட இருந்தப்பவே என்கூடப் பேசினதில்ல. இப்பப் புதுசா என்ன?" என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. "உன் மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்கு இங்க தூக்கம் வருது. இந்த ரூம்ல மூணு பேருக்குக் காய்ச்சல் வந்துருச்சு. கூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஷுய்மூ அன்று மாடத்துக்கு முன்னால் நின்று அம்மாவிடம் உரக்கவே மன்னிப்புக் கேட்டார். பள்ளிப் பையன் விடுப்பு கேட்கும் குரல். கிண்ணத்தில் எரிந்துகொண்டிருந்தது தானாக அணையும்வரை காத்திருந்தார். அதன் பிறகு வைக்கவில்லை. கணினியை மறுபடி திறந்து, சாம்பலை ஒரு துகள் விடாமல் எடுத்து, அந்தச் சாம்பலைத் தூக்கி எறிய மனம் வராமல் கிண்ணத்திலேயே சேர்த்தார்.

படம் நிலைத்தது. அணையவே இல்லை. இனி அணைத்தால் திரும்ப வருமோ வராதோ என்ற பயத்தில் அவரும் கணினியை நிறுத்தவில்லை. இரவும் பகலும் ஓடவிட்டார். மாலைகளில் பாவ்ஜூ அவர் சாப்பிடுவதைப் பார்ப்பாள். முட்டைக்கோஸை ஒதுக்காதே என்பாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம், "பாரு, நாப்பது வருஷமா சமைக்கிறான், இன்னும் சாப்ஸ்டிக்கை உழவுக் கம்பு மாதிரி பிடிக்கறான்" என்பாள். ஷுய்மூ உடனே கம்பைத் திருப்பிப் பிடிப்பார். எனக்கு மேலே சிரிப்பு வரும். இந்தக் காய்ச்சல் போகட்டும், இவர்கள் இருவரையும் உட்கார வைத்து மாஜோங் ஆடித் தோற்றுக்கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு மாலை படம் உறைந்தது.

இதை அவர் என்னிடம் பின்னால்தான் சொன்னார். பாவ்ஜூ பேசிக்கொண்டிருந்தவள், வாயை மூடி, கண்ணை அகல வைத்து அப்படியே நின்றுவிட்டாள். குரலும் இல்லை. ஷுய்மூ மவுஸை அசைத்தார். வயரைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார்: அவளுக்குப் பின்னால் இருந்த பச்சைத் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. படம் உறையவில்லை. அவள்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், இருமலை அடக்கிக்கொண்டு. கன்னம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஆனாலும் அசையாமல். கேமராவில் கைபடுவது தெரிந்தது, திரை கருத்தது.

உடனே தொலைபேசி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "படம் நின்னுடுச்சு பாத்தியா" என்றாள்.

"ஆமா. நின்னுடுச்சு."

"மெமரி பத்தல. பழைய பெட்டிதான."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. பொறுமையா இரு. தானா வரும்."

"சரி."

அடுத்தடுத்த மாலைகளில் படம் அடிக்கடி உறைந்தது. ஒவ்வொரு முறையும் ஷுய்மூ திரைச்சீலையைப் பார்த்தபடி, "திரும்ப நின்னுடுச்சே, சனியன் பிடிச்ச பெட்டி" என்று கணினியைத் திட்டினார். ஒவ்வொரு முறையும் அவள், "அடிச்சிராதயா" என்றாள். கீழே ஊதுவத்திக் கட்டு பிரித்தபடியே கிடந்தது. ஒரு தடவை ஒரு குச்சியை எடுத்துத் தீக்குச்சியையும் உரசிவிட்டாராம். அப்போது திரையில் அவள் இருந்தாள். தீக்குச்சி விரலைச் சுடும்வரை பிடித்திருந்து, ஊதி அணைத்துவிட்டார்.

அதன் பிறகு அவளை வேறு மாடிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஒரு விடியலில் தொலைபேசி வந்தது. என் தரைக்குக் கீழே அது நெடுநேரம் அடித்தது. பிறகு எடுத்தார்.

அன்றே எரித்துவிட்டார்கள். யாரும் வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் மனைவியின் சவப்பெட்டிக்குப் பின்னால் கணவன் நடந்துபோனால் இனி வேறு பெண் கட்டமாட்டான் என்று பொருள். ஷுய்மூ நடக்கத் தயாராகச் சட்டை மாற்றிக்கொண்டு படியிறங்கி, சந்து முனைவரை போய், போக இடமில்லாமல் திரும்பி வந்தார். எதிர் வீட்டு ஜன்னல்கள் மூடியிருந்தன. சில நாள் கழித்துச் சாம்பல் ஜாடி வந்தது. காகிதத்தில் எழுதிய அவள் பெயர்ப்பலகையை மாடத்தில் அம்மாவின் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளாமல் அருகருகே நின்றார்கள்.

மறுநாள் காலை அவர் என் கதவைத் தட்டினார். அத்தனை வாரங்களில் அவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், அவ வேணாங்கறா."

கீழே போனேன். மாடத்துக்கு முன்னால் தரையில், சாமியிடமோ செத்தவரிடமோ சம்மதம் கேட்டுப் போடும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டும் குப்புறக் கிடந்தன. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால்தான் சம்மதம்.

"என்னன்னு கேட்டீங்க?"

"உனக்கு ஊதுவத்தி பத்தவைக்கவான்னு. காலையில இருந்து போட்டுகிட்டே இருக்கேன். எத்தனை தடவை போட்டாலும் குப்புறத்தான் விழுது." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கோவம் டீச்சர். அவ உயிருக்குப் போராடறப்ப ஒரு குச்சிகூட வைக்கல. இப்ப செத்தப்புறம் வைக்கறியாங்கறா. வேண்டிகிட்டிருந்தா பொழச்சு வந்துருப்பாளோ என்னவோ. நான் மூஞ்சியைப் பாக்க ஆசைப்பட்டுட்டேன்."

எனக்குப் பொய் சொல்ல வரும்; சந்துக்கே தெரியும். ஆனால் அந்த இடத்தில் சொல்ல ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த இரைச்சல் காதில் பட்டது. மாடத்துக்குக் கீழே கணினி ஓடிக்கொண்டே இருந்தது.

"கேள்வியைச் சரியாக் கேட்டீங்களா, ஷுய்மூ? பெட்டி ஓடிகிட்டு இருக்கறப்ப பத்தவைக்கவான்னு கேட்டா, பாவ்ஜூ என்ன சொல்லுவா?"

அவர் கணினியைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். மரத்துண்டுகளை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, சற்று யோசித்துக் கேட்டார்.

"பெட்டியை நிறுத்திட்டுப் பத்தவைக்கவா, பாவ்ஜூ?"

ஒன்று குப்புற. ஒன்று மல்லாக்க.

நம்பாமல் மறுபடி போட்டார். அதேதான். மூன்றாவது முறையும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதைத் திறக்கப் போராடுவதுபோல் பாவனை செய்தேன். பிறகு உண்மையிலேயே திறந்துவிட்டேன். எதிர் வீட்டில் யாரும் கத்தவில்லை.

நிறுத்துவதற்கு முன் திறந்திருப்பதையெல்லாம் மூட வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். திறந்திருந்தது ஒன்றே ஒன்று, அவளோடு பேசும் கட்டம். அவள் பெயர் மங்கிப்போயிருந்தது. படம் இருந்த இடம் கருப்பாக இருந்தது. அதற்குக் கீழே, குழாய் வைப்பதற்கு முந்தின மாலை, பேச மூச்சில்லாமல் அவள் தட்டி அனுப்பிய ஒரு வரி இருந்தது.

"ஃபேன் சுத்துதா?"

அதற்குக் கீழே ஒற்றை விரலால் தேடித்தேடி அவர் தட்டியது: "சுத்துது."

அவ்வளவுதான். அவர் அதை மறுபடி மறுபடி படித்தார் என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை. மவுஸ் சொடுக்கும் சத்தம் ஒன்று கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. உள்ளே ஏதோ முனகி, இறங்கி, நின்றது. அந்த வசந்தம் முழுக்க நிற்காத இரைச்சல் போனதும், அறை என் வீட்டு அறையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கணினிமேல் கை வைத்து, சூடு ஆறும்வரை பொறுத்திருந்தார். ஒரு துணியால் அதை மூடினார். மூன்று குச்சிகளைப் பற்றவைத்தார்.

"பாவ்ஜூ, ஃபேன் நின்னுடுச்சு" என்றார். "வெக்கறேன்."